நீக்கப்பட வேண்டிய இருபத்து மூன்று

ஆரணி
14-3-1976

ஜெயவேலு மாப்ளைக்கு, உங்க மாமன் தசரதன் சொல்லிகினு போக, அடுத்த வூட்டு ஆரோக்கியசெல்வி எழுதிகினு வர லெட்டரு.

நான் சொகம். உங்க அக்கா விருத்தாம்பாளும் சொகம். தறி ஓடுது. மாம்பழக் கலர்ல ஒரு பாவு ஏத்தி கீறேன், கண்ணு கூசுது. வெயில் ஏறினா நெசவுக்குப் பட்டு மொரண்டு புடிக்கும், உனக்குத் தெரியும். நீயும் பன்னண்டு வயசு வரைக்கும் எங்கூட தறிக்குழியில கால உட்டுகினு குந்தினவன்தானே.

ஏழு வருசமா பேச்சுவார்த்த இல்லாதவன் இன்னாத்துக்கு லெட்டரு போடறான்னு நெனப்ப. சொல்றேன், அவசரப்படாத.

இந்த வருசம் நம்ம அம்மன் கோயில் பாரதத்துக்குப் பெரிய பேஜாரு வந்துட்ச்சி. நாட்டாம இராஜமாணிக்கம் கூத்துக்கு பர்மிசன் கேக்க ஸ்டேசனுக்குப் போனாரு. அவரு போன கதையே ஒரு கதை. வெள்ள வேட்டி கட்டிகினு, மருமவன் சைக்கிள் பின்னாடி ஒரு பக்கமா குந்திகினு போனாரு. நடுவழியில ஒரு ஆடு... சரி, ஆட்டுக் கதய அப்பறம் சொல்றேன். ஆரோக்கியசெல்வி பேனாவ கீழ வெச்சிட்டு மொறைக்கிறா.

ஸ்டேசன்ல இன்னா சொன்னாங்கன்னா, போன ஆனியில எமர்ஜென்சி வந்துட்ச்சி இல்ல, இனிமே நாடகமோ கூத்தோ எதுவா இருந்தாலும் பேசறது பாடறது எல்லாத்தையும் காயிதத்துல எழுதி வேலூருக்கு அனுப்பணுமாம். மேல இருக்கிறவங்க படிச்சிப் பாத்து, இது பேசலாம் இது பேசக் கூடாதுன்னு கோடு போட்டு அனுப்புவாங்களாம். அந்த ஆபீஸு உன் ஆபீஸு!

பீமன் பாட்டு, பாஞ்சாலி பாட்டு எல்லாம் கூத்து வாத்தியாரு நோட்டுல கீது. அத்த எழுதியாச்சு. என் கதைக்கு இன்னா பண்றது? நான் கட்டியக்காரன். கோமாளி. திரைக்கு முன்னாடி வந்து நின்னு, யாரு முன்னாடி குந்தி கீறாங்கன்னு பாத்துட்டுத்தான் எனக்கே வாயில பேச்சு வரும். இன்னிக்கே எழுதுன்னா எப்டி எழுதறது? துரியோதனன் சாவற படுகளத்துக்கு இன்னும் எட்டு வாரம் கீது. பகல் கூத்து, சுத்துப்பட்டு ஜனமே வரும். அன்னிக்கி நான் வாயத் தொறக்கலன்னா அது கூத்தில்ல, ஊர்வலம்.

நீதான் ஒரு வழி சொல்லணும்.

மாமன் தசரதன்

(அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஸ்டேஷன்காரர்களைப் பற்றிய இடத்தில் இரண்டு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். கெட்ட வார்த்தை. – ஆரோக்கியசெல்வி)

*

வேலூர்
20-3-1976

மாமா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்தது. மூன்று மேசைகளைத் தாண்டி, பிரித்த நிலையில், என் மேசைக்கு வந்து சேர்ந்தது. தலைமை எழுத்தர் என்னைப் பார்த்து, "கூத்தாடியாய்யா உன் மாமன்? சொல்லவேயில்லையே" என்றார். இனி எழுதுவதானால் கீழே உள்ள வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

ஏழு வருடமாக ஏன் பேசவில்லை என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. 1969இல் எனக்கு வேலை கிடைத்த மாதம், பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு கூத்து பார்க்க வந்தேன். நீங்கள் நகுலன் வேஷக்காரனுக்கு ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டி, "நாளைக்கு வா, நாளைக்கு வா" என்று சொல்லவைத்து, என்னைப் போலவே நடக்கவிட்டீர்கள். என் மாமனாராக வரப்போகிறவர் கண்ணில் நீர் வர சிரித்தார். அதற்குப் பிறகு நான் ஆரணி பஸ்ஸில் ஏறவில்லை.

அது இருக்கட்டும். விதி இதுதான். கட்டியக்காரன் பேசப்போவது எல்லாம் எழுத்தில் வேண்டும், மூன்று பிரதிகள். நான் அந்தப் பிரிவில் எழுத்தர் மட்டுமே. முடிவு எடுப்பவர் அதிகாரி. அவருக்குக் கோமாளிகளைப் பிடிக்காது.

ரேஷன், பஸ், பத்திரிகை, போலீஸ் இவற்றைத் தொடாமல் எழுதினால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம்.

ஜெயவேல்

*

ஆரணி
4-4-1976

மாப்ள,

உன் லெட்டரு வந்திச்சி. ஆரோக்கியசெல்வி படிச்சா. உங்க அக்கா கேட்டுட்டு, "தம்பி எழுத்து எவ்ளோ அழகு"ன்னா. எழுத்த அவ எங்க பாத்தா? எனக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தலகீழா புடிச்சிகினு அழுவறா.

நீ தொடாதன்னு சொன்ன நாலையும் எடுத்துட்டா எனக்கு மிஞ்சறது கொசு ஒன்னுதான். அதுவும் முனிசிபாலிட்டி சமாச்சாரம்.

சரி, எழுத சொன்னாங்க, எழுதறோம்னு குந்தினோம். பன்னண்டு நாளு மாப்ள. சாயங்காலம் தறிய நிறுத்திட்டு நான் சொல்றேன், ஆரோக்கியசெல்வி எழுதறா. மொத நாளு நாங்க ரெண்டு பேரு. மூணாம் நாளு தெரு மொத்தம் எங்க வூட்டு வாசல்ல. பாவு சுத்தறவங்க, சாயம் போடறவங்க, டீக்கடக்காரன் தூக்குப் போணியோட வந்துட்டான். மொத்தம் முப்பத்தி நாலு பேச்சு. சாம்பிளுக்கு நாலு சொல்றேன்.

பீமன் கதாயுதத்தத் தூக்கிகினு வரான். நான் கேக்கறேன், "இது எத்தினி எட சாமி?" "ஆயிரம் யானை எட"ங்கறான். "எங்க நிறுத்தீங்க? நம்ம தெரு ரேஷன் கடை வேலுகிட்டயா? அப்ப எழுநூத்தி அம்பது யானைதான்."

அப்பறம் படவேட்டு பஸ்சு. "முன்னல்லாம் லேட்டா வரும். நாங்க சோறு துன்னுட்டு, வெத்தல போட்டுகினு போயி ஏறுவோம். இப்ப கரெக்ட்டு டயத்துக்கு வருது, கரெக்ட்டு டயத்துக்குப் பூடுது. நாங்களும் கரெக்ட்டு டயத்துக்கு நடந்துகினு கீறோம்."

மூணாவது பேப்பரு. "இப்பல்லாம் பேப்பர்ல நடு நடுவுல வெள்ளையா எழுத்தே இல்லாம உட்டு கீறாங்க. அரசாங்கம் எங்கள மாதிரி ஆளுக்கு நல்லது பண்ணி கீது. படிக்காதவன் படிக்கறதுக்குன்னே தனியா எடம் ஒதுக்கி கீறாங்க."

நாலாவது துரியோதனன் சபை. "ராஜா, நாட்டுல ஒருத்தர்கூட உங்கள கொற சொல்லல." "அவ்ளோ சந்தோசமா கீறாங்களா?" "அது தெரியாதுங்க. யாரும் வாயே தொறக்கல. பல்லு வெளக்கக்கூட."

கடைசி பக்கத்துல இன்னா எழுதி கீதுன்னா, "இங்க நான் ஒன்னும் பேசாம ஜனங்கள பாத்து சிரிச்சிகினு நிப்பேன்." அதுக்குத்தான் ஜாஸ்தி சிரிப்பாங்க. பேசாததையும் எழுதிட்டேன் பாரு, நான் எவ்ளோ நேர்மையான ஆளு.

மூணு பிரதி. ஆரோக்கியசெல்விக்கு வெரலு வீங்கிட்ச்சி. உங்க அதிகாரி படிச்சி நல்லா சிரிக்கட்டும்.

மாமன்

(முப்பத்தைந்து இருந்தது. ஒன்று எங்கள் சர்ச் சாமியாரைப் பற்றியது. அதை நான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "உங்க வூட்டுலயே ஒரு ஆபீஸ் கீதா?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. ஆனால் எழுதவில்லை. – ஆ.செ.)

*

வேலூர்
19-4-1976

மாமா,

அதிகாரி சிரிக்கவில்லை. உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். முக்கியமானவற்றை இங்கேயும் எழுதுகிறேன், பதற்றப்படாமல் கேளுங்கள்.

"கட்டியக்காரனின் முப்பத்து நான்கு பேச்சுகளில் இருபத்து மூன்று நீக்கப்பட வேண்டும்.

1. பக்கம் இரண்டு: பீமனின் கதாயுதத்தின் எடை குறித்த பேச்சு முழுவதும்.

2. பக்கம் மூன்று: பேருந்து உரிய நேரத்துக்கு வருகிறது என்பதைப் பாராட்டும் தொனியில் மட்டும் கூறலாம்.

3. பக்கம் ஐந்து: செய்தித்தாளில் உள்ள வெற்றிடம். அவ்வாறு வெற்றிடம் எதுவும் இல்லை.

4. பக்கம் ஆறு: துரியோதனன் சபையில் எவரும் வாய் திறக்கவில்லை என்பதை, எல்லோரும் வாய் திறந்தார்கள் என மாற்றுக.

5. பக்கம் எட்டு: திருதராஷ்டிரனின் பார்வைக் குறைபாட்டை வலியுறுத்த வேண்டாம்."

இப்படியே போய், கடைசியாக:

"23. கட்டியக்காரன் பொதுமக்களைப் பார்த்து மௌனமாக நின்று சிரிக்கக் கூடாது."

அதற்குக் கீழே, எல்லா உத்தரவிலும் போடுகிற வழக்கமான நிபந்தனைகள் ஏழு.

மாமா, இதை மீறினால் உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். எப்போது விடுவார்கள் என்று கேட்கக்கூட இப்போது இடமில்லை. கோப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. என் வேலை போகும். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், நீங்கள் இன்னும் பார்க்காதவர்கள். அதிகாரி ஒரு பார்வையாளரை அனுப்புகிறார். அவர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்ப்பார். அனுமதித்த பதினொன்றை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். செய்தித்தாள் வெற்றிடத்தைத் தட்டச்சு செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார். இருமல் என்று சொன்னேன். அன்று மாலை வரை இருமிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

ஜெயவேல்

*

ஆரணி
23-4-1976

மாப்ள,

நீ உட்டு வெச்ச பதினொன்னையும் ஆரோக்கியசெல்வி படிச்சிக் காமிச்சா. "வணக்கம்." "ராஜா வராரு." "ராஜா போறாரு." "கொழந்தைங்களா, தள்ளி ஒக்காருங்க." "இந்த வருசம் மழ நல்லா பேஞ்சிது." இந்த வருசம் மழயே பேயல மாப்ள. அது நான் கிண்டலுக்குச் சொன்னது. உங்காளு நெசம்னு உட்டுட்டாரு.

ரெண்டு நாளு நான் தறியில குந்தல. உங்க அக்கா கஞ்சி கொண்டாந்தா, வேணான்னேன். "நீ கட்டியக்காரன் வேசமே கட்டாத, வேற யாராச்சும் கட்டட்டும்"னா. வேற யாரு கட்டுவான்? அவனும் அதே பதினொன்னத்தான சொல்லணும்?

உனக்கு ஒன்னு வெளங்கணும். நான் பெரிய ஆளுன்னு பேசல. வருசத்துல ஒரு நாளு அம்மன் முன்னாடி, பெரியவன் சின்னவன் எல்லாம் ஒன்னா தரையில குந்திகினு கீற அன்னிக்கி, அவங்க அவங்க மனசுல கீறத நான் எடுத்து வெளிய போடறேன். மணியக்காரரு மூஞ்சிக்கு முன்னாடி மணியக்காரரு கதயச் சொல்றேன். அவரும் சிரிச்சிட்டுப் பூடறாரு. மக்யா நாளு ரெண்டு பேரும் ஒரே கடையில டீ குடிக்கறோம். அத்த நிறுத்திட்டா அந்தப் பேச்செல்லாம் எங்க போவும்? வயித்துக்குள்ளயேதான் கெடக்கும். நெனச்சிப் பாரு, எவ்ளோ புளிச்சிப் போவும்.

ஆனா உன் புள்ளைங்க ரெண்டும் என் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. அதனால சத்தியமா சொல்றேன், உத்தரவுல இல்லாத ஒரு வார்த்த நான் பேச மாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஏழாம் நிபந்தனன்னு ஒன்னு கீதாமே. "இவ்வுத்தரவு நிகழ்ச்சியின்போது பொதுமக்கள் அறியும்படி வாசிக்கப்பட வேண்டும்"னு. ஆரோக்கியசெல்வி அத்த மூணு வாட்டி படிச்சா. எனக்குப் படிப்பு இல்லன்னாலும் காதுல உழுந்தது போவாது. நெம்பரு, தேதி, ஒப்பம் வரைக்கும் மனப்பாடம் ஆயிட்ச்சி. இத்த யாரு வாசிக்கணும்? கூத்துல சேதி சொல்றவன் கட்டியக்காரன்தான். அப்ப நான்தான வாசிக்கணும்? முழுசா வாசிக்கணுமா, சுருக்கமா வாசிச்சா போதுமா? தப்பாப் பண்ணி உனக்கு ஆபத்து வந்துடக் கூடாது பாரு. அதிகாரியயே கேட்டு எழுது.

மாமன்

(கேட்கும்போது அவர் முகம் குழந்தை முகம் மாதிரி இருந்தது. எனக்கு அந்த முகத்தின் மேல் சந்தேகம். – ஆ.செ.)

*

வேலூர்
28-4-1976

மாமா,

அதிகாரியிடம் கேட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அரசாங்க உத்தரவை யாராவது சுருக்குவார்களா? ஒரு எழுத்து விடாமல் வாசிக்கணும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கணும். நல்லா நிறுத்தி நிதானமா வாசிக்கச் சொல்லு" என்றார். அதை எழுத்துப்பூர்வமாகவும் வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உறையை ஒட்டிய பிறகு சும்மா கண்ணை மூடிக்கொண்டு, உங்களைக் கூம்புக் குல்லாவோடு நிறுத்தி, அந்தப் பட்டியலை உங்கள் குரலில் கேட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தாவதில் கண்ணைத் திறந்துவிட்டேன்.

உறையைப் பிரித்தேன். ஒரு மணி நேரம் கையிலேயே வைத்திருந்தேன். அதிகாரியிடம் போய், "சார், அந்த ஆளை உங்களுக்குத் தெரியாது" என்று சொல்வது என் கடமை. எழுந்து அவர் அறை வாசல் வரை போனேன். உள்ளே அவர் வேறு யாருடைய நாடகத்திலோ சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம், நிமிராமல். நான் திரும்பி வந்துவிட்டேன்; இதையும் எழுதிச் சேர்த்துவிட்டு உறையை மறுபடி ஒட்டப்போகிறேன்.

நாளையிலிருந்து எனக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த ஆட்டின் கதையை நீங்கள் சொல்லவேயில்லை.

ஜெயவேல்

*

ஆரணி
10-5-1976

மாப்ள,

யாரையும் யாரும் புடிச்சிகினு போவல. இத்த மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி நீ லெட்டர கடைசியிலேருந்து படிப்ப.

ஆட்டுக் கத கேட்ட இல்ல. நாட்டாம சைக்கிள் பின்னாடி குந்திகினு போவும்போது இடுப்புல மனு சொருவி வெச்சிருந்தாரு. வழியில சைக்கிள நிறுத்திட்டு ரெண்டு பேரும் எளநி குடிச்சாங்க. பின்னாடி வந்த ஆடு மனுவ உருவித் துன்னுட்ச்சி. நாட்டாம கத்தறாரு, ஆடு மெல்லுது. நம்ம கூத்த மொத மொதல்ல தணிக்க பண்ணது அந்த ஆடுதான் மாப்ள. உங்க ஆபீஸு ரெண்டாவதுதான்.

இப்ப நேத்து கதைக்கு வரேன். ஞாயித்துக்கிழம, காலம்பற ஒம்போது மணி, சுள்ளுன்னு வெயிலு. துரியோதனன் மண்ணு செல கோயிலு மைதானத்துல மல்லாந்து படுத்து கீறான், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு. சுத்தி ஜனம். வெம்பாக்கத்துலேருந்து வண்டி கட்டிகினு வந்துட்டாங்க. வேலூரு பார்வையாளரு முன்னாடி நாற்காலி போட்டு, மடியில நகலு, கையில செவப்புப் பென்சிலு.

நான் திரைக்கு முன்னாடி வந்தேன். வணக்கம்னேன். அது அனுமதிச்சது. அப்பறம் கைய கட்டிகினு, தண்டோரா போடறவன் கொரல்ல உத்தரவ ஆரம்பிச்சேன். நெம்பரு, தேதி, எல்லாம் சொல்லிட்டு, "ஒன்று. பக்கம் இரண்டு. பீமனின் கதாயுதத்தின் எடை குறித்த பேச்சு முழுவதும் நீக்கப்பட வேண்டும்"ன்னு நிறுத்தினேன். உங்க அதிகாரி நிறுத்தி நிதானமா வாசிக்க சொன்னாரு இல்ல.

பின்னாடி பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு கொரலு வந்திச்சி: "ஏன் நீக்கணும்? வேலு கடையில நிறுத்தாங்களா?"

எடமே வெடிச்சிட்ச்சி மாப்ள! என் பேச்சு உன் பீரோவுல பூட்டி கீது, நாங்க எழுதும்போது அந்தம்மா எங்க வாசல் பக்கமே வரல. அந்தம்மாவுக்கு எப்டித் தெரியும்? மாசா மாசம் அந்தக் கடையில சக்கர வாங்குது, அதான் தெரியும்.

ரெண்டாவது, பேருந்து நேரத்துக்கு வருதுன்னு பாராட்டற தொனியில மட்டும் சொல்லலாம்னு வாசிச்சேன். ஒரு படவேட்டு பெருசு எழுந்து, "பாராட்டறோம்பா! காலு வீங்க நடந்து வந்து பாராட்டறோம்!"னு கும்புட்டாரு.

நாலாவது, "எல்லோரும் வாய் திறந்தார்கள் என மாற்றுக." மொத்த ஜனமும் 'ஆ'ன்னு வாயத் தொறந்துகினு குந்தி கீது. பீமன் தொறந்தான். மத்தளக்காரன் தொறந்தான். பார்வையாளருகூட மறந்தாப்ல தொறந்துட்டு டக்குனு மூடிகினாரு.

அஞ்சாவதுக்கு வரும்போது திருதராஷ்டிரன் வேசம் கட்டுன அருணாச்சலம் கண்ண மூடிகினு தடவித் தடவி வரான். நான் ஒன்னும் பேசல. அவன் காதுகிட்ட அதே நெம்பர இன்னொரு வாட்டி வாசிச்சேன். படக்குனு கண்ணத் தொறந்தான். ஜனங்கள பாத்தான். "அடேங்கப்பா, எனக்கு நூறு புள்ளைங்களா! இவ்ளோ நாளா யாரும் சொல்லவேல்லையே!"ன்னான். அது அவன் சொன்னது. உத்தரவு எனக்கு மட்டுந்தான் மாப்ள. அவனுக்கில்ல. ஜனத்துக்கும் இல்ல.

கடைசியில இருவத்தி மூணு. கட்டியக்காரன் மௌனமா நின்னு சிரிக்கக் கூடாதுன்னு வாசிச்சிட்டு நின்னேன். அம்மன் மேல ஆணையா நான் சிரிக்கல. ஒதட்ட கடிச்சிகினு, செல மாதிரி நிக்கறேன். அவ்ளோ ஜனமும் ஒன்னுமே பேசாம என்னப் பாத்து சிரிச்சிகினு நின்னுது. சத்தமில்லாத சிரிப்பு நீ பாத்து கீறியா? தோளு மட்டும் குலுங்குது. பார்வையாளரு தோளும்.

அப்பறம் "இன்னொரு வாட்டி!"ன்னாங்க. மூணு வாட்டி வாசிச்சேன். ஒவ்வொரு வாட்டியும் வேற வேற ஆளு எழுந்து பேசறான். பொறந்ததுலேருந்து நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்காத பொம்பளைங்க பேசறாங்க. நான் எழுதி அனுப்புனத விட நல்லா கீது! வேலுவே கூட்டத்துலேருந்து எழுந்து, "நாளைக்கே புது எடக்கல்லு வாங்கியாறேன், உட்டுடுங்கம்மா"ன்னு கெஞ்சிட்டான்.

இருவது வருசமா இந்த ஊருக்கு நான்தான் வாயின்னு நெனச்சிகினு இருந்தேன். எல்லாருக்கும் வாய் கீது மாப்ள. ரொம்ப நல்ல வாய்.

உனக்கு ஒன்னும் ஆவலயே? அத்த மட்டும் ஜல்தி எழுது.

மாமன்

(நானும் ஒன்று சொன்னேன். எழுந்து நின்று. என்ன என்று கேட்காதீர்கள். எங்கள் சாமியாரும் வந்திருந்தார். – ஆ.செ.)

*

வேலூர்
2-6-1976

மாமா,

வேலை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்வையாளரின் அறிக்கை மறுநாளே வந்துவிட்டதாம். "உத்தரவில் இல்லாத ஒரு சொல்லையும் கட்டியக்காரன் பேசவில்லை. நகலுடன் ஒப்பிடப்பட்டது. பொதுமக்கள் உத்தரவை மிகுந்த மகிழ்ச்சியுடன் கேட்டனர்." அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அப்படியே மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "ஏன் மகிழ்ந்தனர்?"

நான் விடுப்பு முடிந்து போன அன்றே என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "அந்த ஆளைப் பிடிக்கணும்யா. எந்த வார்த்தைக்காகப் பிடிப்பது, எடு கோப்பை" என்றார். இருவரும் வரி வரியாக வாசித்தோம். எல்லாம் எங்கள் வார்த்தை. நான் வாசிக்க, அவர் கேட்டார். ஐந்தாவதில் அவர் மீசை ஒரு பக்கமாக இழுத்தது. இருபத்து மூன்றாவதில் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ரொம்ப நேரம் திரும்பவில்லை. அவருக்கும் இருமல்.

அப்புறம் உட்கார்ந்து, "ஆட்சேபகரமானது உத்தரவுதான்யா" என்றார். "ரத்து பண்ணு."

நகல் இத்துடன் இருக்கிறது. "மேற்படி உத்தரவு இதனால் ரத்து செய்யப்படுகிறது. அதை எவரும் எங்கும் வாசிக்கக் கூடாது." நான் கேட்டேன்: "சார், அதில் நீக்கிய இருபத்து மூன்று?" அவர் களைத்துப்போய்ச் சொன்னார்: "ரத்துன்னா எல்லாம் ரத்துதான். போய்யா."

ஆகவே மாமா, உங்கள் முப்பத்து நான்கு பேச்சுக்கும் இன்றைய தேதியில் எந்தத் தடையும் இல்லை. இந்த மாவட்டத்திலேயே அப்படி ஒரு மனிதர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குக் "கவனக் குறைவு" என்று ஒரு குறிப்பாணை. நாடகப் பிரிவிலிருந்து பழைய கோப்பு அறைக்கு மாற்றம். மின்விசிறி கிடையாது. எலி உண்டு. சிவப்பு மை கிடையாது. நேற்று வெகு நாளைக்குப் பிறகு ஒரு தூக்கம் தூங்கினேன்.

ஜெயவேல்

*

ஆரணி
18-6-1976

மாப்ள,

உன் ரத்து காயிதத்த எடுத்துகினு தேவிகாபுரம் படுகளத்துக்குப் போனோம். போன ஞாயித்துக்கிழம. அங்க ஜனம் "ஆர்டரு வாசி! ஆர்டரு வாசி!"ன்னு கத்துது. அத்தக் கேக்கவே பஸ்சு ஏறி வந்து கீறாங்க. "வாசிக்கக் கூடாதுன்னு ஆர்டரு வந்துட்ச்சிப்பா"ன்னேன். அதுக்கு ஒரு சிரிப்பு. அதோட சரி.

அப்பறம் ஆசை ஆசையா என் முப்பத்தி நாலையும் எடுத்து உட்டேன். ரேஷன் கடை சொன்னேன். பஸ்சு சொன்னேன். பேப்பரு சொன்னேன். ஒருத்தன் சிரிக்கல மாப்ள! முன்னாடி குந்தி இருந்த ஒரு அம்மா, "இத்த போன மாசமே எங்க மாடு மேய்க்கறவன் சொல்லிட்டான், புதுசு எதுனா இருந்தா சொல்லு"ன்னுது. நீங்க பூட்டி வெச்சதுல அது ஊரு ஊரா பூட்ச்சி. இப்ப அதுல உப்பும் இல்ல, காரமும் இல்ல. அனுமதி குடுத்து என்னக் கவுத்துட்டியே!

அடுத்த மாசம் இன்னொரு ஊரு படுகளம் கீது. என் பை காலி. தறிக்குழியில குந்திகினு யோசிச்சா பட்டும் ஜரிகையுந்தான் கண்ணுக்குத் தெரியுது. நீ ஆபீஸ்ல கீறவன். நெதமும் எத்தினி மூஞ்சி பாக்கற, எத்தினி கூத்து பாக்கற. நாலு எடுத்து உடு. நான் யாருன்னு சொல்ல மாட்டேன்.

இன்னொன்னு. இத்தச் சொல்றதுக்கு எனக்கு ஏழு வருசம் ஆச்சு. அன்னிக்கி உன்ன வெச்சி ஜனம் சிரிச்சிது. எனக்கு அது சொகமா இருந்திச்சி. உனக்கு எப்டி இருந்திச்சின்னு நான் கேக்கவேல்ல. தப்புதான். ஆனா நீயும் மக்யா நாளே எழுந்து வந்து, நாலு பேரு முன்னாடி என் கதய எடுத்து உட்டிருக்கணும். என்கிட்ட சிரிக்க ஒன்னுமே இல்லையா? உங்க அக்காவக் கேளு, விடிய விடிய சொல்லுவா. நீ கம்முனு பூட்ட பாரு, அதான் எனக்குப் பொறுக்கல.

மாமன்

(இந்தக் கடைசிப் பத்தியைச் சொல்லும்போது மூன்று தடவை அடிக்கச் சொல்லி, மூன்று தடவை மறுபடி எழுதச் சொன்னார். – ஆ.செ.)

*

வேலூர்
23-6-1976

மாமா,

உங்கள் கடிதத்தைக் கோப்பு அறையில், எலிகளுக்கு நடுவில், தனியாக உட்கார்ந்து படித்தேன். சத்தமாகச் சிரித்தேன். இருமவில்லை.

விஷயம் கேட்டீர்கள். இந்த ஏழு வருடத்தில் நான் பார்த்தது மூட்டை மூட்டையாக இருக்கிறது. எங்கள் தலைமை எழுத்தர் ஒருவர் இருக்கிறாரே, அவர் காலையில் வந்ததும் நாற்காலியின் முதுகில் கோட்டை மாட்டிவிட்டு, அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு டீயையும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் மேலதிகாரி திடீரென்று வந்து, அந்தக் கோட்டைப் பார்த்து... இல்லை. எழுதி எழுதி அழித்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை தானாக, "இது நீக்கப்பட வேண்டும்" என்று ஓரத்தில் குறிக்கிறது. இதை அந்த ஆள் மாதிரி நடந்து காட்டினால்தான் உங்களுக்குப் புரியும்.

உங்களைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய கீது மாமா. பன்னண்டு வயசு வரைக்கும் உங்க பக்கத்துல குந்திகினு எல்லாத்தையும் பாத்துகினு இருந்தவன் நான். நாலு பேரு இல்ல, நாப்பது பேரு முன்னாடி சொல்றேன். தெருவுல சொல்லி வைங்க.

ஞாயித்துக்கிழம மொத பஸ்சுல வரேன். சம்சாரமும் புள்ளைங்க ரெண்டும் கூட வராங்க. அக்காவ அழ வேணான்னு சொல்லுங்க. ஆரோக்கியசெல்விய கட்டாயம் வரச் சொல்லுங்க. பேனா வேணாம்.

ஜெயவேலு